பாயான் லெப்பாஸ் போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

பெட்டி கட்டியாச்சா? பினாங்கின் பாயான் லெப்பாஸில் திங்கட்கிழமை உன் தொழிற்பயிற்சி தொடங்குவதற்குள் இதைப் படித்துவிடு. வேலை நுணுக்கமெல்லாம் உன் விரிவுரையாளர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் எழுதுவது மனிதர்களோடு பழகுவதைப் பற்றி.

தோட்டத்தில் (எஸ்டேட்டில்) பழக்கம் தானாக வந்தது. ஒரே லயத்து வரிசை வீடு, ஒரே தண்ணீர்க் குழாய், விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, சாயங்காலம் கோயில் திடல். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதே முகங்களை நாளுக்கு நாலு தடவை பார்த்தாக வேண்டும். பட்டணத்தில் அந்த நாலு தடவையை நீயாகத்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கூச்ச சுபாவம் என்று உன்னையே குறை சொல்லிக்கொள்கிறாய். எனக்கு அது கூச்சமாகப் படவில்லை, நேரம் கொடுக்காததாகத்தான் படுகிறது.

இதற்குக் கணக்கே போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் ஆகிறது. நல்ல நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல். ஒரே இடத்தில் வேலை பார்க்கும் நேரம் இதில் அவ்வளவாகச் சேர்வதில்லை. ஓய்வு நேரம்தான் சேரும். மதியச் சாப்பாடு முக்கால் மணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் மூன்றே முக்கால் மணி நேரம். 50-ஐத் தொட 13 வாரம் தாண்டும். மூன்றாவது வாரமே "இங்கே யாரும் என்னோடு ஒட்டவில்லை" என்று நீ அழுதுகொண்டு போன் பண்ணக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

முதல் வாரத்திலேயே கேண்டீனில் ஒரு மேசையைப் பிடித்து, அதே நேரத்துக்குப் போ. தமிழ்ப் பிள்ளைகளோடு உட்காராதே என்று சொல்ல மாட்டேன், அது உனக்குத் தெம்பு. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வேறு மேசை. கைப்பேசி பைக்குள் இருக்கட்டும்.

பெயரைச் சரியாகப் பிடி. மலாய்க்காரர் பெயரில் பின், பிந்தி என்ற சொல்லுக்கு அடுத்து வருவது தகப்பன் பெயர், அதைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சீனர் பெயரில் பெரும்பாலும் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். டான் மெய் லிங் என்றால் தோழிக்கு மெய் லிங், மரியாதைக்கு மிஸ் டான். உன்னை யாராவது அப்பா பெயரால் கூப்பிட்டால் முதல் நாளே சிரித்த முகமாகத் திருத்திவிடு. ஆறாவது மாதம் திருத்தினால் அவர்களுக்குத்தான் சங்கடம். மலாய் ஆண்கள் சிலர் பெண்களுக்குக் கை கொடுப்பதில்லை. அவர்கள் நீட்டும்வரை பொறு, நீட்டாவிட்டால் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் போதும்.

பேச்சு ஏன் அறுந்துபோகிறது தெரியுமா? "எந்த ஊர்?" "தைப்பிங்." "ஓ, சரி." அதோடு முடிந்தது. வந்த பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடு: தைப்பிங்கில் எந்தப் பக்கம், வார இறுதியில் போவீர்களா? இரண்டு கேள்விக்குப் பிறகு உன்னைப் பற்றியும் ஒன்று சொல். இல்லாவிட்டால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். அவர்கள் அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை என்று சொன்னால் இரவே தேதியைக் குறித்து வை. அந்தத் தேதி கழிந்த மறுநாள் "அம்மா எப்படி இருக்காங்க?" என்று நீ கேட்பது ஒரு மாதம் ஒன்றாகச் சாப்பிட்டதற்குச் சமம்.

இயந்திரத்தின் பக்கத்திலேயே இருக்கும் டெக்னீஷியன்களை அலட்சியம் பண்ணாதே. பொறியியலாளரின் வரைபடத்தில் இல்லாத கோளாறு அவர்கள் காதுக்குக் கேட்கும். காவலாளியின் பெயரும் துப்புரவுப் பணி செய்யும் மக்சிக்கின் (மலாய் அம்மாவின்) பெயரும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதில் நான் கண்டிப்பாகத்தான் இருக்கிறேன்.

மேலாளரிடமோ விரிவுரையாளரிடமோ உதவி கேட்கும் செய்தி ஐந்து வரிக்கு மேல் போக வேண்டாம். நீ யார், அவரை எங்கே சந்தித்தாய், ஒரே ஒரு கேள்வி, எத்தனை நிமிடம் வேண்டும், நன்றி. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அதற்குமேல் தொந்தரவு செய்யாதே. பதில் கிடைத்தால் அவர் சொன்னதைச் செய்து பார்த்து, என்ன ஆயிற்று என்று திரும்பச் சொல். பிள்ளைகள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். வாங்கிக்கொண்டு காணாமல் போவார்கள், அடுத்த தேவைக்குத்தான் தலை காட்டுவார்கள். பரிந்துரைக் கடிதம் என்றால் மூன்று, நான்கு வாரம் முன்பே கேள். தன்விவரம், மதிப்பெண், கடைசித் தேதி மூன்றையும் சேர்த்துக் கொடு. "உங்களால் மனதார எழுத முடியுமா?" என்று கேட்டு, மறுப்பதற்கும் அவருக்கு வழி விடு.

பயிற்சி முடிந்ததும் எல்லோரையும் மறந்துவிடாதே. 1973-இல் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் எழுதிய கட்டுரையின்படி, தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் அந்த ஆளை அடிக்கடி பார்ப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். எப்போதாவது பார்ப்பவர்கள் 56, அரிதாகப் பார்ப்பவர்கள் 28. நெருங்கியவர்களுக்குப் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த செய்திதானே தெரியும், தூரத்து ஆள்தான் புதுச் செய்தி கொண்டுவருவார். பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் பெயர் போட்டுத் தனித்தனியாக வாழ்த்து அனுப்பு. ஒரே படத்தை நூறு பேருக்குத் தள்ளிவிடுவதை யாரும் வாழ்த்தாக எடுத்துக்கொள்வதில்லை.

யாராவது உன்னை நேரடி விற்பனையில் சேர்க்கப் பார்த்தால் சேராதே. பழகியவர்களிடம் பொருள் விற்கத் தொடங்கினால் அதற்குப் பிறகு உன் "நலமா?" கூட விளம்பரமாகத்தான் கேட்கும்.

தீபாவளிக்கு யாரையாவது கூட்டி வருவதாக இருந்தால் இரண்டு வாரம் முன்பே சொல். இறைச்சியை ஹலால் கடையில் வாங்கிவிடுகிறேன், தட்டும் குவளையும் புதிதாக எடுத்து வைக்கலாம். சைவம் யார், மாட்டிறைச்சி தொடாதவர் யார் என்று கேட்டு எழுது. பட்டர்வொர்த்திலிருந்து வரும் இடிஎஸ் மின்சார ரயில்களில் சில சுங்கை சிப்புட்டில் நிற்கும். எத்தனை பேர் என்று தெரிந்தால் ஸ்டேஷனுக்கு எந்த வண்டியை எடுத்து வருவது என்று பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா
சுங்கை சிப்புட்