கரை வயர்லெஸ் ரூம் வேலை முடிஞ்சது: உறுப்பினர்களுக்கு கமிட்டி அறிக்கை

காசிமேடு லாஞ்சு ஓனருங்க, டிரைவருங்க, அண்ணன் தம்பிங்க எல்லாருக்கும் வணக்கம். போட்டுங்க கடல்ல இருந்து பேசுறது இரைச்சல்ல முழுகிப் போறதை சரி பண்ண, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலத்துல எடுத்த வயர்லெஸ் ரூம் வேலை முடிஞ்சிடுச்சு, லாஞ்சுங்க கடலுக்கு போய் பேசிப் பார்த்தாதான் நெலவரம் தெரியும்னு காத்திருந்து இப்ப எழுதுறோம்.

பொதுக்கூட்டத்துல நெறைய பேரு ஆன்டெனா கம்பத்தை உசத்துங்கன்னு கேட்டீங்க. உயரம் முக்கியம்தான், கரையில 16 மீட்டர், போட்டுல 4 மீட்டர்ல ஆன்டெனா இருந்தா சுமாரா 25 கிலோமீட்டர் எட்டும். ஆனா நமக்கு கிட்டவே இருக்கிற எண்ணூர் பக்கம் நிக்கிற போட்டே 16ம் சேனல்ல புரியல, அப்புறம் கம்பத்தை உசத்தி என்ன பிரயோஜனம், அதனால காசை மொதல்ல இரைச்சலைத் தேடுறதுல போட்டோம், அதுதான் சரி.

திருவொற்றியூர் எதிர்ல ஒரு பைபர் போட்டுல தம்பி ஒருத்தரை கைசெட்டு குடுத்து 1 வாட்ல நம்பர் எண்ணச் சொன்னோம், 16ல இல்ல, அது ஆபத்துக்கும் கூப்பிடறதுக்கும் உள்ள சேனல், வேற சேனல்ல. ரூம் மெயினை ஆஃப் பண்ணி செட்டை பேட்டரில ஓட்டினா நம்பர் பளிச்னு கேட்டுச்சு. ஒவ்வொரு சுவிட்சா போட்டுக்கிட்டே வந்தோம், வராண்டா எல்இடி லைட்டைப் போட்டதும் நம்பர் மொத்தமா முழுகிடுச்சு! எல்இடிக்குள்ள இருக்கிற டிரைவர் சர்க்யூட்டு செகண்டுக்கு பல ஆயிரம் தடவை கரண்டை வெட்டி வெட்டி விடுது, அதோட மிச்சம் நம்ம செட்டு பேசுற 156 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஏறி வருது, லைட்டு வயரே அதுக்கு ஆன்டெனா ஆயிடுது. 2018ல அமெரிக்க கடலோரக் காவல்படையே இதைப் பத்தி எச்சரிக்கை விட்டிருக்கு. லைட்டை மாத்தி, சிசிடிவி அடாப்டர் வயர்ல இரைச்சலை அடக்குற ஃபெரைட் வளையம் மாட்டி, ஆன்டெனா கேபிளை கரண்ட் வயர்கிட்ட இருந்து தள்ளி இழுத்துட்டோம்.

விடியக்காலைல மட்டும் செட்டுல வந்த படபட இரைச்சல் வேற கதை. பழைய ஏஎம் ரேடியோவை கையில புடிச்சுக்கிட்டு தெருவுல நடந்தா ஒரு கரண்ட் கம்பத்துக்கிட்ட சத்தம் எகிறுது. கரண்ட் கம்பியைத் தாங்குற பீங்கான் மேல உப்பு படிஞ்சு, பனி ஈரம் பட்டதும் அதுமேல கரண்ட் கசிஞ்சு பொறி விடுது, வெயில் ஏறி காய்ஞ்சா நின்னுடும். லைன் ஆளுங்க வந்து மாத்திக் குடுத்தாங்க, அவங்களுக்கு நன்றி. நம்ம ஆன்டெனா கம்பத்தை இழுத்துப் புடிக்கிற ஸ்டே கம்பியோட துருப்புடிச்ச ஜாயின்ட்டும், கரண்டை ஒரு பக்கமா மட்டும் விடுற டயோடு மாதிரி வேலை செஞ்சு, ஹார்பர்ல பேசுற பெரிய செட்டுங்களோட சிக்னலைக் கலந்து இல்லாத சிக்னலைக் காட்டும், அதனால அங்க எல்லாம் எவர்சில்வர் போட்டாச்சு. ஆன்டெனா கேபிள் கனெக்டரைப் பிரிச்சா உள்ள பச்சைக் களிம்பு, கேபிளும் புதுசு.

செட்டுக்குள்ளயே சூட்டுல உண்டாகுற இரைச்சலும் ஆகாசத்துல இருந்து வர்றதும் போகாது. கோடை சாயங்காலம் தூரத்து ஹார்பர் பேச்சு திடீர்னு நம்ம சேனல்ல வர்றது கடல் மேல காத்து அடுக்கு பண்ற வேலை, அதையும் தடுக்க முடியாது.

தயவுசெஞ்சு உங்க லாஞ்சுலயும் பாருங்க: யாரும் பேசாத சேனல்ல ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்குற திருகு) சத்தம் அடங்குற இடத்துல நிறுத்திட்டு எல்இடியைப் போடுங்க, திரும்ப கரகரன்னா அந்த லைட்டுதான் வில்லங்கம்.

கணக்கு நோட்டு ரூம்ல இருக்கு, யாரு வேணாலும் வந்து பார்க்கலாம். ஐப்பசி மழைக்கு முன்னாடி கனெக்டர் டேப்பை ஒரு தடவை பிரிச்சுப் பார்க்கணும், கம்பம் ஏறத் தெரிஞ்ச ரெண்டு பேரு செயலாளர்கிட்ட பேர் குடுங்க.