மண்ணணைக்குக் கீழே வாழ்கிறவர்கள்: பாசனச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சானலின் கடைசிப் பகுதியான கடைவரம்பிலிருந்து பஸ் மாறி வந்திருக்கும் மூத்த விவசாயிகளே, இம்முறை திரளாக வந்திருக்கும் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சானல் தூர்வாரியது, மனு கொடுத்தது, மகாசபை கூட்டியது என்று வழக்கமாக வரிசையாக வாசிப்போம். இந்த ஆண்டும் அவை உண்டு, பின்னால் சொல்கிறேன். சங்கத்தின் நேரமும் உழைப்பும் பெரும்பாலும் சிற்றாறு அணைகளின் கரைக்காகவே செலவானது. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கோதையாறு பாசனத்தில் நமக்குத் தண்ணீர் தருபவை நான்கு அணைகள். பேச்சிப்பாறை 1906இல் கட்டி முடித்த கல்கட்டு அணை, கொள்மட்டம் 48 அடி. பெருஞ்சாணி 77 அடி. சிற்றாறு ஒன்றும் இரண்டும் 18 அடி வீதம். பத்திரிகையில் தினமும் வரும் நீர்மட்டப் பட்டியலில் சிற்றாறுகளை யாரும் தேடிப் படிப்பதில்லை. பேச்சிப்பாறை எத்தனை அடி என்றுதான் டீக்கடையில் முதல் கேள்வி. ஆனால் சிற்றாறு அணைகள் மண்ணால் ஆனவை. மண்ணணைக்கு வேண்டிய கவனிப்பே வேறு. கல்கட்டு அணையின் மேல் வெள்ளம் கொஞ்சம் வழிந்தாலும் அது தாங்கி நிற்கக்கூடும். மண்கரையின் மேல் தண்ணீர் ஏறி மறுபக்கம் இறங்கத் தொடங்கினால், அரிப்பை நிறுத்த வழியே இல்லை. 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு இரண்டாம் அணை அப்படித்தான் உடைந்தது. நடுவில் ஷட்டர் வைத்த கல்கட்டு, இருபுறமும் மண்கரை. கணக்கிட்டதைவிடப் பெரிய வெள்ளம் வந்து மண்கரை மேல் ஏறியது. கீழே இருந்த மோர்பி நகரமே மூழ்கி ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

ஆனிமாதக் கூட்டத்துக்கு ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்து வந்தோம். அன்றைக்கு அவர் சொன்னதுதான் இந்த ஆண்டு வேலைகளுக்கெல்லாம் அடிப்படை. கசியாத மண்ணணை உலகத்திலேயே கிடையாது என்றார் அவர். கரைக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நடந்துகொண்டே இருக்கும். அது கரையின் சரிவில் வெளிப்படாமல் அடிவாரத்துக்கு இறங்கி வர மணலும் ஜல்லியுமாக வடிகட்டி அடுக்கு வைத்திருப்பார்கள், கீழே கல் அடுக்கியிருப்பார்கள். அப்படி வரும் தண்ணீர் தெளிவாக இருக்கும்வரை பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது என்று அர்த்தம். அமெரிக்காவில் டீட்டன் என்ற மண்ணணை, 1976 ஜூன் 5 அன்று காலையில் கலங்கிய கசிவு கண்ணில் பட்டு, மதியத்துக்குள் உடைந்துபோனது. அதுதான் அதற்கு முதல் தடவையாகத் தண்ணீர் நிரப்பிய நேரம். பொறியாளர் இதைச் சொன்னபோது கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

அன்று முதல், மழைநாட்களில் அணையைப் பராமரிக்கும் துறையின் அனுமதியோடு நம் உறுப்பினர்கள் இரண்டிரண்டு பேராகக் கரையின் அடிவாரத்தில் நடக்கிறார்கள். கையில் டார்ச்சும் மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலும். கசிவுநீரைப் பாட்டிலில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் அசையாமல் வைத்து, அடியில் மண் படிகிறதா என்று பார்ப்பார்கள். தேதி எழுதிய சீட்டு ஒட்டி, முந்தின வாரத்துப் பாட்டிலோடு சேர்த்து வைத்து ஒப்பிடுவார்கள். ஐப்பசி மழையில் ஓரிடத்தில் புல்லுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. உடனே அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தோம். அன்றைக்கே வந்து பார்த்தார்கள். ரப்பர் இலையும் சேறும் அடிவார வடிகாலை அடைத்திருந்தன. வாரிப் போட்டதும் தண்ணீர் ஓடிவிட்டது. தெளிந்த தண்ணீர்தான், கரைக்கு ஆபத்து எதுவும் இல்லை. என்றாலும் அந்த வடிகால் அடைபட்டே கிடந்திருந்தால் கரையின் அடிப்பகுதி நாளாவட்டத்தில் ஊறிப்போயிருக்கும். பார்த்த உடனே சொன்ன இரண்டு இளைஞர்களையும் இந்தச் சபை பாராட்டுகிறது.

கரையில் முளைக்கும் மரக்கன்றுகளைப் பற்றி உறுப்பினர்கள் சிலருக்கு வருத்தம் உண்டு. மரத்தை ஏன் வெட்டச் சொல்கிறீர்கள், மரம் மண்ணைப் பிடிக்கும்தானே என்றார்கள். ஆற்றங்கரைக்கு அது பொருந்தும், அணைக்கரைக்குப் பொருந்தாது. வேர் உள்ளே போகும். மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த இடமே தண்ணீருக்குப் பாதையாகிவிடும். ஒக்கி புயலில் மரங்கள் வேரோடு சாய்ந்ததை 2017இல் நாம் எல்லோரும் கண்டோம். கரையில் நின்ற மரம் அப்படிச் சாய்ந்தால், வேரோடு கரையின் மண்ணையும் அல்லவா பெயர்த்துக்கொண்டு போகும்? எலி வளை, முள்ளம்பன்றி வங்கு, கரையான் புற்று எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். கரைக்குப் புல் போதும். மரம் நட ஆசைப்படுகிறவர்களுக்குச் சானல்கரைக்கு வெளியே இடம் காட்டியிருக்கிறோம்.

அடுத்து, தண்ணீர் விஷயம். இதில்தான் சங்கத்துக்குள் வாக்குவாதம் அதிகம். ஜூன் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி கடைசிவரை பாசனத்துக்குத் திறப்பது நடைமுறை. கோதையாறு பாசனப் பரப்பு 79,000 ஏக்கர். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் கன்னிப்பூ, வடகிழக்குப் பருவத்தில் கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல், அப்புறம் வாழை, தென்னை, மரச்சீனி என்னும் மரவள்ளி. குடிதண்ணீரும் இதே ஆறுகளிலிருந்துதான் போகிறது. எனவே மழைக்காலத்தின் நடுவில் உபரிநீர் வெளியேறும் மறுகால் வழியாகத் தண்ணீர் போகும்போது, இதைச் சேர்த்து வைத்தால் தை மாதத்துக்கு ஆகுமே என்று கேட்பது நியாயமாகத்தான் தெரியும். நானும் விவசாயி, அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. இடவப்பாதியில் நிறைந்த அணையின் மேல்தான் ஐப்பசி, கார்த்திகை மழை வந்து விழுகிறது. பேச்சிப்பாறை 42 அடியைத் தொட்டதும் வெள்ள எச்சரிக்கை கொடுப்பது அதற்காகத்தான். 2021 நவம்பரில் பெய்த மழையில் எத்தனை சானல்கரைகளும் குளத்துக் கரைகளும் உடைந்தன! ஏலா என்று நாம் சொல்லும் வயல்வெளிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் கிடந்தன. மேலே அணையில் இடம் வைத்திருப்பது நம் வயலுக்கும் சேர்த்துத்தான் என்று செயற்குழு கருதுகிறது.

இறக்குவதிலும் நிதானம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஷட்டரை முழுசாகத் திறந்து ஒரேயடியாகத் தண்ணீரை இறக்கினால், நீர்ப்பக்கத்துச் சரிவில் ஊறிய மண்ணுக்கு எதிரே நின்ற தண்ணீரின் தாங்கல் போய்விடும். ஈர மண் கனத்தால் சரியும். கடைவரம்புக்கு உடனே தண்ணீர் வேண்டும் என்று சண்டை போடுவதை விட்டு, முறைவைத்துப் பங்கிடும் பட்டியலை விதைப்புக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். கடைவரம்பு உறுப்பினர்களின் குறை உண்மையானது. நாற்றங்கால் காய்ந்த பிறகு தண்ணீர் வந்து என்ன பயன்? வழியில் கொட்டியிருக்கும் குப்பையும் கோழிக்கழிவும்தான் பாதித் தாமதத்துக்குக் காரணம். இதைச் செய்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள் அல்ல என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பட்டணங்கால் என்னும் சானலின் தண்ணீரை பறளியாற்றுக்கு மேலே மாத்தூர் தொட்டிப்பாலத்தில், நூறு அடிக்கு மேல் உயரத்தில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டு வரும் தண்ணீர் நம் வீட்டு முக்கில் பிளாஸ்டிக் மூட்டையில் முட்டி நிற்கிறது. மூன்று ஏலாக்களில் உறுப்பினர்களே இறங்கித் தூர்வாரினோம். மற்ற இடங்களுக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

உல்லாசப் பயணிகளைப் பற்றி. சிற்றாறு அணைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வருகிறது. திற்பரப்பு அருவியில் வெள்ளத்தால் குளிக்கத் தடை போட்டுவிட்டால் இங்கே இன்னும் அதிகம். வரட்டும். மலையும் தண்ணீரும் பார்க்க வருகிறவர்களை விரட்ட நமக்கு மனமில்லை. டீக்கடை, பழக்கடை வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கும் அது பிழைப்பு. ஆனால் பிள்ளைகள் அட்டைப்பெட்டியைக் கிழித்து உட்கார்ந்து, கரைச்சரிவில் சறுக்கி விளையாடுகிறார்கள். சறுக்கிய தடத்தில் புல் உரிந்து செம்மண் தெரிகிறது. அடுத்த மழையில் அந்தத் தடமே ஓடையாகிறது. பைக்கைச் சரிவில் ஏற்றுகிறார்கள். அலையைத் தடுக்கப் பதித்த கல்லைப் பெயர்த்து அடுப்புக் கூட்டுகிறார்கள். மதகுக்குப் பக்கத்தில் குளிக்க இறங்குவது இதையெல்லாம்விடப் பெரிய பயம். மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் மதகு வாயில் உள்ளே இழுக்கும், நீச்சல் தெரிந்தவருக்கும் தப்பிக்க வழியில்லை. உட்காரவும் விளையாடவும் கரையிலிருந்து தள்ளி ஓரிடம், வாகனம் ஏறாமல் தடுப்பு, மதகருகே வேலி, இந்த மூன்றும் நம் கோரிக்கை. உரிந்த இடங்களில் பெண் உறுப்பினர்கள் புல்பத்தை வைத்து மூடியிருக்கிறார்கள்.

உறுப்பினர் சேர்க்கை, சந்தா வசூல் இரண்டும் திருப்தி. மறைந்த உறுப்பினர்களுக்குக் கூட்டத் தொடக்கத்தில் அஞ்சலி செலுத்திவிட்டோம்.

கடைசியாக, சபையின் முடிவுக்கு இரண்டு தீர்மானங்கள். 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டப்படி மழைக்கு முன்பும் பின்பும் அணையை ஆய்வு செய்ய வேண்டும், அவசரகாலச் செயல்திட்டமும் வைத்திருக்க வேண்டும். அந்தத் திட்டத்தை அணைக்குக் கீழே உள்ள ஒவ்வொரு ஊரிலும் மக்களைக் கூட்டி விளக்க வேண்டும் என்பது முதல் தீர்மானம். நள்ளிரவில் சைரன் ஊதினால் எந்த மேட்டுக்குப் போவது என்று நம் வீட்டு வயதானவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, கரை நடையை வரும் ஆண்டும் தொடர்வது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கும் நோட்டில் செல் நம்பரோடு எழுதுங்கள், இரவு முறைக்குத்தான் ஆள் குறைவு. அடுத்து பொருளாளர் வரவு செலவு வாசிப்பார்.