மாத்திரைக்கு முன் மரபணுச் சோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

சினைப்பை புற்றுநோய்க்கு ‘அதிசய மாத்திரை’ என்று செய்தி போடுகிறவர்கள், அது யாருக்கு என்பதையும் சேர்த்துப் போட்டால் நல்லது. அந்த மாத்திரையான ஓலாபரிப் மருந்தைச் சோதித்த ‘சோலோ-1’ ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. அதில் பங்கேற்ற 391 பெண்களும் நோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்கள். பிளாட்டினம் வகை கீமோவுக்கு அவர்களின் நோய் கட்டுப்பட்டிருந்தது. டிஎன்ஏ முறிவைச் சரிசெய்ய உதவும் பிஆர்சிஏ மரபணுவில் பழுதும் இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்தும் நோய் தலைதூக்காமல் இருந்தவர்கள், மருந்து எடுத்தவர்களில் 60 சதவீதம். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 27 சதவீதம்தான்.

பிஆர்சிஏ பழுதான புற்றுசெல்லுக்கு டிஎன்ஏ முறிவைச் சரிசெய்யும் வழி ஒன்று ஏற்கெனவே அடைபட்டிருக்கும். ‘பார்ப்’ என்ற நொதியை முடக்கி, இம்மருந்து இன்னொரு வழியையும் அடைக்கிறது, செல் மடிகிறது. பழுதே இல்லாதவருக்கு இதே அளவு பலனை எதிர்பார்க்க முடியாது. குமட்டலும் ரத்தசோகையும் வேண்டுமானால் வரும்!

ஆகவே கீமோ முடியும்வரை காத்திராமல், நோய் உறுதியானதுமே மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட வேண்டும். இந்தப் பழுது குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது என்பதால், அது தெரிந்தால் அக்கா தங்கை, மகள் மட்டுமல்ல, அண்ணன் தம்பியும் தங்களுக்குச் சோதனை தேவையா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். இந்தச் சோதனையை எங்கே செய்கிறார்கள், காப்பீடு செலவை ஏற்குமா என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் விரிவாக எழுதுங்கள்.

– வாசகி, தஞ்சாவூர்