பிஎல்சி வாங்க முன்னர்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

ஐஸ் ஆலைக்கோ அரிசி ஆலைக்கோ தண்ணீர்ப் பம்புக்கோ எந்த பிஎல்சி, அதாவது உள்ளே எழுதிய புரோகிராமின்படி மிசினை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கருவி, நல்லது என்று கேட்கிறீர்கள். சீமென்ஸ், மிற்சுபிசி, ஒம்ரொன், டெல்ரா, ஷ்னைடர் எதுவானாலும் ஒழுங்காகப் பொருத்தினால் வருடக்கணக்கில் ஓடும். மிசின் நிற்கும் அன்றுதான் வித்தியாசம் தெரியும். அன்றைக்கு யாழ்ப்பாணத்திலேயே ஒருவர் லப்ரொப்பும் கேபிளும் கொண்டுவந்து புரோகிராமைத் திறக்க முடியுமா என்று பார்த்து வாங்குங்கள்.

டெல்ரா டிவிபி, ஷ்னைடர் எம்221 இரண்டுக்கும் புரோகிராம் எழுதும் மென்பொருள் இலவசம். சீமென்ஸ் எஸ்7-1200க்கு வேண்டிய ரிஐஏ போர்ட்டல் என்ற மென்பொருளுக்கு உரிமம் வாங்க வேண்டும். புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழைய பதிப்பில் திறக்காது. ஆனாலும் கையேடும் பழுது விளக்கமும் தேடினால் உடனே கிடைப்பது சீமென்ஸில்தான். அதற்காகவே பெரிய வேலைகளுக்கு அதைச் சொல்கிறோம்.

மிற்சுபிசி எஃப்எக்ஸ்3யூ வைத்திருப்போர் இதைக் கட்டாயம் கவனியுங்கள். மெமரி கசெற் (புரோகிராமைப் பற்றரி இல்லாமலே வைத்திருக்கும் செருகு துண்டு) போடாவிட்டால் அதன் புரோகிராம் பற்றரியின் தயவில்தான் நிற்கிறது. பற்றரி ஏறத்தாழ 5 வருடம் வரும். முகப்பில் BATT என்று எழுதிய சிவப்பு விளக்கு எரிந்தால் ஒரு மாதத்துக்குள் மாற்றுங்கள். விளக்கைக் கவனியாமல், வாடைக்காலத்தில் ஆலையை மூடி மெயின் சுவிற்சையும் நிறுத்தினால், திரும்பத் திறக்கும்போது புரோகிராம் அழிந்திருக்கும். பற்றரியை மாற்ற முன்னர் புரோகிராமைப் பிரதியெடுங்கள். பிறகு கரண்டை நிறுத்தி, மூடியைத் திறந்து, பழைய பற்றரியைக் கழற்றி 20 செக்கனுக்குள் புதியதைச் செருக வேண்டும். எஸ்7-1200இல் புரோகிராமுக்குப் பற்றரி தேவையில்லை. ஆனால் கரண்ட் இல்லாவிட்டால் மணிக்கூடு ஏறத்தாழ 20 நாள்தான் தாங்கும். நேரம் பார்த்துப் பம்பை ஓட்டுபவர்கள் அதைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும்.

கரையோர ஆலைகளில் பிஎல்சியை விட சென்சர் வயர்தான் முதலில் கெடும். உப்புக்காற்றில் இணைப்புகள் பச்சை பிடித்து, பிஎல்சி சென்சர்களுக்குக் கொடுக்கும் 24 வோல்ற் ஷோர்ட் ஆகிவிடும். 230 வோல்ற் வந்தும் எஃப்எக்ஸ்3யூவின் பவர் விளக்கு எரியாவிட்டால், கரண்டை நிறுத்தி 24 வோல்ற் முனையின் வயரைக் கழற்றிவிட்டுத் திரும்பக் கொடுங்கள். விளக்கு எரிந்தால் பிஎல்சி நல்லது; பழுது வெளி வயரிங்கில்.

வெளிநாட்டிலிருந்து முழு மிசினாக எடுப்பவர்கள் கடைசித் தவணையைக் கட்ட முன்னர், விளக்கக் குறிப்புகளோடு கூடிய மூலப் புரோகிராமையும் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்குங்கள். கடவுச்சொல் தெரியாவிட்டால், சின்னத் திருத்தம் என்றாலும் முழுப் புரோகிராமையும் புதிதாக எழுத வேண்டி வரும். அந்தச் செலவு பிஎல்சியின் விலையையும் மிஞ்சிவிடும்.

பழுது என்று எங்களை அழைக்கும்போது கரண்டை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்க்காதீர்கள். எந்த விளக்கு எரிகிறது, எது மினுங்குகிறது, பிஎல்சியின் பக்கத்து லேபிளில் என்ன இலக்கம் என்பதைப் படம் எடுத்து அனுப்புங்கள். எஃப்எக்ஸ்3யூவில் எரர் விளக்கு மினுங்கினால் புரோகிராமில் பிழை. விடாமல் எரிந்தால் பிஎல்சியின் மூளையான சிபியூவில் பழுது. இரண்டுக்கும் நாங்கள் கொண்டுவர வேண்டிய சாமான் வேறு.