பாட்டியைப் பார்த்துக்கொண்ட கைகளுக்கு நன்றி

அன்புள்ள உறவினர்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும், வழிபாட்டுக் குழுவினருக்கும், மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

பாட்டி இறைவனடி சேர்ந்த செய்தி கேட்டு ஓடி வந்தவர்களுக்கும், தொலைவிலிருந்து ஆறுதல் சொன்னவர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஆனால் அவர் படுத்த படுக்கையாக இருந்த காலம் முழுக்கக் கைகொடுத்தவர்களுக்கு ஒற்றை வார்த்தையில் நன்றி சொல்லி நிறுத்த மனம் வரவில்லை. நீங்கள் என்னென்ன செய்தீர்கள், அது ஏன் பலித்தது என்று விவரமாகவே எழுதுகிறோம். இன்னொரு வீட்டில் யாராவது இப்படிப் படுத்திருந்தால் அவர்களுக்கும் உதவும். பாட்டிக்கும் அதுதான் பிடித்திருக்கும்.

பாட்டியின் பக்தியையும் தொண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. அதிகாலைப் பிரார்த்தனை முடிந்ததும் கோடு போட்ட நோட்டு ஒன்றைத் திறப்பார். அக்கம்பக்கத்தில் நடமாட முடியாமல் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் இரண்டு பக்கங்கள். இடப்பக்கத்தில் மருந்து நேரம், புரட்டிப் படுக்கவைத்த நேரம், கடைசியாக மலம் கழித்த நாள். வலப்பக்கத்தில் அந்த வீட்டில் யாருக்கு என்ன கவலை, எதற்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்ற குறிப்பு. வீட்டுக்கு வந்த மருமகள்களுக்கும் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கும், ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது எப்படி என்று கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலையைச் சொல்வார்.

அவரிடம் பழகியவர்கள்தான் பிறகு அவரைப் பார்த்துக்கொள்ள முறைபோட்டு வந்தீர்கள். எதிர்வீட்டு அக்கா, மாடிவீட்டுத் தம்பி, வழிபாட்டுக் குழுவின் அம்மாக்கள் எல்லோருக்கும் நாங்கள் முதலில் நன்றி சொல்வது இதற்காக: பாட்டிக்குக் கடைசி வரை படுக்கைப் புண் வரவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம், மல்லாக்க, வலம் என்று மாற்றினீர்கள். நெட்டுக்குத்தாகப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் இடுப்பு எலும்பின் மேல் முழு எடையும் விழும். அதனால் சுமார் 30 டிகிரி மட்டும் சாய்த்து, தோளிலிருந்து இடுப்பு வரை முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்தீர்கள். வால் எலும்புக்குக் கீழே உள்ளங்கையை நுழைத்துப் பார்ப்பீர்கள். கை தடையில்லாமல் போனால்தான் சாய்வு சரி. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் படுக்கையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி. குதிகாலைத்தான் பலரும் மறந்துவிடுவார்கள்.

நகர்த்தும்போது யாரும் அக்குளில் கைகொடுத்து இழுக்கவில்லை. இழுத்தால் தோல் விரிப்போடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே சதை மட்டும் நகரும். வெளியே தெரியாமல் புண் தொடங்குவது இப்படித்தான். தோளிலிருந்து தொடை வரை வரும் மடித்த விரிப்பை அடியில் போட்டு, ஆளுக்கொரு பக்கம் அதன் ஓரத்தை உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, மூன்று எண்ணி ஒன்றாகத் தூக்கினீர்கள். முழங்காலை மடக்கித் தூக்கியதால் உங்கள் முதுகும் தப்பித்தது. வளையல், மோதிரங்களைக் கழற்றிவிட்டு, நகம் வெட்டிய கையோடு வந்ததும் பாட்டி சொல்லிக்கொடுத்த பழக்கம்தான்.

தோல் சிவந்திருந்தால் அங்கே விரலால் அழுத்திப் பார்ப்பீர்கள். அழுத்தி எடுத்ததும் வெளுத்துப் பிறகு சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது புண்ணின் முதல் நிலை. அந்தப் பக்கம் சாய்க்கவே கூடாது. சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடத் தோன்றும். அது நைந்துபோன ரத்தக்குழாய்களை இன்னும் நசுக்கும். வளையம் போன்ற காற்றுத் தலையணையும் அப்படித்தான், சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும்.

காற்று மெத்தை கொடுத்துதவிய குடும்பத்துக்குத் தனி நன்றி. மெத்தை இருந்தாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது என்று சொல்லியே கொடுத்தீர்கள். அதன் மேல் ஒரே ஒரு மெல்லிய விரிப்புதான். போர்வையை நாலாக மடித்துப் போட்டால் காற்றறைகள் மாறி மாறி உப்புவதால் கிடைக்கும் பயனே இல்லாமல் போகும். மெத்தைக்கு அடியில், இடுப்புக்கு நேராகக் கைவைத்து, ஓர் அங்குலமாவது காற்று தாங்குகிறதா என்று நீங்கள் காட்டிய சோதனை தினமும் நடந்தது.

வீட்டுக்கே வந்து வலி நிவாரணம் பார்த்த மருத்துவருக்கும் நர்ஸ் அக்காக்களுக்கும் என்ன சொல்வது! கடும் வலியை அடக்கும் மருந்தான மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டதும் பல குடும்பங்கள் பின்வாங்கிவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கு வகுத்துக் கொடுத்த முறையை நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள்: முடிந்தவரை வாய்வழியே, கடிகார நேரப்படி, வலியின் அளவுக்கேற்பப் படிப்படியாக. வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருந்தால் அதை அடக்க இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். அதனால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, நீங்கள் குறித்துத் தந்த அளவு, அளவுச் சிரிஞ்சில். முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துத் தந்தீர்கள். மார்ஃபினால் வரும் குமட்டல் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும்; மலச்சிக்கல் அடங்காது. நோட்டின் இடப்பக்கத்துக் கடைசிக் குறிப்பை நீங்கள் வந்ததும் முதலில் கேட்டது அதனால்தான்.

வாய் பராமரிப்புக்குச் சிறுபிள்ளைகள் கூட உதவினார்கள். நனைத்துப் பிழிந்த மென்பஞ்சால் உதடு, ஈறு, நாக்கு என்று துடைத்தார்கள். ஆக்ஸிஜன் வைத்த நாட்களில் உதட்டுக்கு வாசலின் போன்ற எண்ணெய்ப் பிசுக்கான எதையும் தடவாமல், நீர் கலந்த களிம்பு மட்டும் பயன்பட்டது. ஆக்ஸிஜன் பக்கத்தில் எண்ணெய்ப் பொருள் எளிதில் தீப்பிடிக்கக்கூடும்.

கடைசி நாட்களில் அவர் சாப்பிட மறுத்தபோது, "இன்னும் ஒரு வாய்" என்று யாரும் வற்புறுத்தவில்லை. உடல் ஒடுங்கும்போது பசியும் ஒடுங்கும். விழுங்கும் திறன் குறைந்தவருக்குத் திணித்தால் நுரையீரலுக்குள் போய்விடும். தொண்டையில் கரகரப்புச் சத்தம் வந்தபோதும் நர்ஸ் அக்கா பதறவிடவில்லை. எச்சிலை விழுங்க முடியாததால் வரும் சத்தம் அது, பக்கவாட்டில் சாய்த்தால் குறையும், கேட்பவர்களை உலுக்கும் அளவுக்கு அது அவரை வருத்தாது என்றார். காது கடைசி வரை கேட்கக்கூடும் என்றும் சொன்னார். வழிபாட்டுக் குழுவினர் கட்டிலருகே தாழ்ந்த குரலில், இருவர் இருவராக, பாட்டிக்கு மனப்பாடமான துதிகளையே பாடினீர்கள். கூட்டமாகச் சூழாமல் காற்றுக்கு வழிவிட்டுப் பாடியதை மறக்க மாட்டோம்.

கண் வங்கிக் குழுவினருக்கு அடுத்த நன்றி. கண்தானம் பற்றிப் பேசப் போகும் வீடுகளிலெல்லாம் பாட்டி 1905ஆம் ஆண்டைச் சொல்வார். இன்றைய செக் நாட்டின் ஓலொமோவ்ட்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர், மனிதக் கருவிழியை முதன்முதலாக வெற்றிகரமாக மாற்றிப் பொருத்திய ஆண்டு அது. பாட்டி கண்தானத்துக்கு ஒப்புதல் கொடுத்திருந்தாலும் குடும்பத்தின் கையொப்பம் தேவைப்பட்டது. ஆகவே உறுதிமொழி கொடுப்பவர்கள் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உயிர் பிரிந்த 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதால் முதல் தொலைபேசி அழைப்பே கண் வங்கிக்குப் போனது. அவர்கள் வரும்வரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைத் தலையணையால் உயர்த்தி, மின்விசிறியை நிறுத்தினீர்கள். விசிறிக் காற்று கருவிழியை உலர்த்திவிடும். கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை நோயுள்ளவர் பெரும்பாலும் கொடுக்கலாம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, வெறிநாய்க்கடி, ரத்தப் புற்றுநோய் இருந்தால் எடுக்க மாட்டார்கள். அதற்காகத்தான் கொஞ்சம் ரத்தமும் எடுத்துச் சோதித்தார்கள். முகத்தில் எந்த மாறுதலும் தெரியவில்லை.

இரவில் வாசல் விளக்கைப் போட்டு வைத்தவர்கள், துணி துவைத்துத் தந்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு அழைத்து வந்தவர்கள், உங்களையும் பாட்டி நோட்டில் எழுதியிருப்பார்.

காற்று மெத்தை உரியவரிடம் திரும்பிவிட்டது. பாட்டியின் சக்கர நாற்காலி, கழிப்பறை நாற்காலி, கட்டிலோரத் தடுப்புக் கம்பி மூன்றையும் கழுவி, கிருமிநாசினியால் துடைத்து, பராமரிப்புக் குழுவிடம் ஒப்படைத்திருக்கிறோம். தேவைப்படும் வீட்டார் அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நாற்காலியின் இடது பிரேக் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகே கொடுப்பார்கள்.

நன்றியுடன்,
மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்