பிட்ஸ்பர்கில் சந்திப்போம், மாப்ள

அன்பு மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. வேலை போன விஷயத்தைக் கடைசிப் பக்கத்தில் நாலு வரியில் எழுதிவிட்டு, முன்பக்கம் முழுக்க உன் பெரியவனின் பேஸ்பால் பந்துவீச்சைப் பற்றியே எழுதியிருந்தாய். ஹாஸ்டலிலேயே நீ இப்படித்தான். மனசு கனத்திருக்கும்போதுதான் அடுத்தவர்களைப் பற்றி அதிகம் பேசுவாய். சொல்லாமல் விட்டதும் எனக்குப் புரிந்தது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். ஊரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது டிவி சீரியலில் யார் என்ன புடவை கட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு ஃபோனில் சொல்கிறாள். பாப்பா கார் ஓட்டப் பழகுகிறாள். பக்கத்து சீட்டில் உட்காரும் வேலை எனக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "பையன் பெரிய லீக் ஆட்டம் ஒன்று பார்க்கணும்னு கேட்கிறான், இந்த வருஷம் முடியாதுன்னு சொல்லிட்டேன்" என்று எழுதியிருந்தாயே, அது எனக்குத் தாங்கவில்லை. நியூயார்க்கில் நாலு பேர் ஆட்டம் பார்த்துவிட்டு வர ஆகும் செலவை நினைத்துச் சொல்லியிருப்பாய். அந்தக் கணக்கு நியாயமானதுதான். ஆனால் ஆட்டத்தை நியூயார்க்கில்தான் பார்க்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? ஜூனில் பள்ளி விட்டதும் நீங்கள் நாலு பேரும் நியூஜெர்ஸியிலிருந்து மேற்கே வாருங்கள், நாங்கள் மூன்று பேரும் கிழக்கே வருகிறோம். பிட்ஸ்பர்கில் சந்திப்போம். ஒஹையோவில் இந்தக் கொலம்பஸிலிருந்து எனக்கு மூன்று மணி நேர ஓட்டம். உனக்கு அதைப்போல இரண்டு மடங்கு, அதனால் ரூம் வாடகை என் பொறுப்பு. இதில் நீ பேச்சு பேசக்கூடாது.

ஏன் பிட்ஸ்பர்க் என்று கேட்பாய். அந்த ஊர் பைரட்ஸ் அணி கடைசியாக உலகத் தொடரை, அதாவது வருஷக் கடைசியில் நடக்கும் பேஸ்பால் இறுதித் தொடரை, ஜெயித்தது 1979இல். 1993 முதல் 2012 வரை இருபது சீசன் தொடர்ந்து, ஜெயித்த ஆட்டங்களை விடத் தோற்றவையே அதிகம். அமெரிக்காவின் பெரிய விளையாட்டு லீக்குகளில் வேறெந்த அணிக்கும் அப்படி ஒரு சோதனைக்காலம் வந்ததில்லை. ஆனால் அந்த அணி ஆடும் பி.என்.சி. பார்க் இருக்கிறதே, 2001இல் திறந்தது, நாட்டிலேயே அழகான மைதானம் எது என்று எங்கே பேச்சு வந்தாலும் முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் வந்துவிடும். அழகான மைதானம், ஜெயிக்கத் திணறும் அணி. நம்மைப் போன்ற குடும்பத்துக்கு இதைவிட நல்ல சேர்க்கை கிடையாது. வார நாள் ஆட்டத்துக்கு மேல்தளத்தில் மலிவாக டிக்கெட் கிடைப்பது சகஜம்.

மேல்தளம் என்றதும் மூக்கைச் சுளிக்காதே. அங்கே மேல்தளம்தான் நல்ல இடம். மூன்றாம் பேஸ், அதாவது ரன்னுக்கு ஓடித் தொடுகிற மூன்றாவது முனை, இருக்கிற பக்கம் உயரத்தில் உட்கார்ந்தால் மைதானம் முழுக்கத் தெரியும். அதற்கு அப்பால் அலெகெனி ஆறு, ஆற்றின் மேல் மஞ்சள் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் நகரத்தின் உயரக் கட்டடங்கள். கீழே அதிகப் பணம் கொடுத்து உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பாதிதான் கிடைக்கும். பேட்டிங் முனையிலிருந்து ஆறு 443 அடி தூரம். அங்கே தரையில் படாமல் நேராகத் தண்ணீரில் விழுகிற ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அபூர்வம். பெரியவனிடம் சொல்லி வை, ஒவ்வொரு அடிக்கும் ஆற்றைப் பார்க்கச் சொல்.

டிக்கெட் விஷயத்தில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரே சீட்டுக்கு நாளைப் பொறுத்து விலை மாறும். செவ்வாய், புதன் மலிவு. சனிக்கிழமை, வாணவேடிக்கை இருக்கிற இரவு, நியூயார்க் யாங்கீஸோ சிகாகோ கப்ஸோ ஆட வருகிற நாள் இதெல்லாம் ஏறிவிடும். பைரட்ஸின் பால் ஸ்கீன்ஸ் பந்து போடுகிற நாளும் அப்படித்தான். 2024இல் சிறந்த புதுமுகம், 2025இல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது என்று வாங்கிக் குவித்த பையன். ஐந்து பிட்சர்கள் முறை வைத்துப் போடுவதால் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை அவன் முறை வரும். உன் பையனும் பிட்சர் என்பதால், ஸ்கீன்ஸின் முறை நாம் போகிற வாரத்தின் புதன்கிழமையில் விழுந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதையே எடுப்போம். மற்றதில் சிக்கனம் பிடிக்கலாம், இதில் வேண்டாம். இன்னொன்று: 2025 மே மாதத்திலிருந்து எல்லாக் கட்டணமும் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஆதலால் இணையதளத்தில் பார்க்கிற விலைதான் கிட்டத்தட்டக் கடைசி விலை. மறுவிற்பனையில் ஆட்டம் நெருங்க நெருங்க விலை இறங்கும், ஆனால் ஏழு பேருக்குச் சேர்ந்தாற்போல் சீட் வேண்டுமே, அதனால் அந்தப் பந்தயத்துக்கு நாம் போக வேண்டாம்.

வார நாளில் மதியம் 12:35க்குத் தொடங்கும் ஆட்டங்கள் உண்டு. எனக்கு அதுதான் பிடித்தம். 2023இல் பிட்சருக்கு நேரக்கடிகாரம் வைத்த பிறகு ஆட்டம் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. நாலு மணிக்குள் வெளியே வந்துவிடலாம், சின்னவளும் தூங்கி வழிய மாட்டாள். வெயில் மட்டும் இருக்கும், தொப்பி மறக்காதே.

வழி சொல்கிறேன். பென்சில்வேனியா டர்ன்பைக் என்கிற சுங்கச்சாலையில் வந்தால் சீக்கிரம் வரலாம், ஆனால் டோல் கொள்ளை. காரில் ஒட்டுகிற ஈஸி-பாஸ் டோல் கருவி இல்லாமல் வந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உன் பிரிட்ஜ்வாட்டர் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிறதே ரூட் 22, அதேதான் ஹாரிஸ்பர்க் தாண்டி, அல்டூனா பக்கமாக மலையேறி இறங்கி, பிட்ஸ்பர்குக்குக் கிழக்கே மன்ரோவில் வரைக்கும் வருகிறது. ஹாரிஸ்பர்க் வரை 78, 81ஆம் எண் நெடுஞ்சாலைகளில் வந்து, அங்கிருந்து 22ஐப் பிடி. ஒரு மணி நேரம் கூடலாம். டர்ன்பைக் டோல் மிச்சம், அலெகெனி மலைகள் இலவசம். அல்டூனாவில் ரயில்பாதை மலையைச் சுற்றிக் குதிரைலாடம் போல வளைகிற இடம் இருக்கிறது. 1854இல் போட்டது, இன்றும் அதில்தான் ரயில் ஓடுகிறது. பிள்ளைகள் கால் நீட்ட அங்கே நிறுத்து.

தங்குவது மன்ரோவில்லில். நகரத்துக்குள் ஹோட்டல் விலை கேட்டாலே பயமாக இருக்கிறது, மன்ரோவில்லில் காலை டிபனோடு சேர்த்துப் பாதி விலைக்குக் கிடைக்கும். அங்கே தங்க இன்னொரு காரணமும் இருக்கிறது. பக்கத்திலேயே பென் ஹில்ஸ். வேங்கடேஸ்வரர் கோவில். உனக்குப் பிரிட்ஜ்வாட்டரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே பெருமாள் இருக்கிறார், தெரியும். ஆனால் இது 1970களில், இந்த நாட்டில் நம் ஆட்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்த காலத்தில், மலைச்சரிவில் கட்டிய கோவில். அந்தக் காலத்தில் நாலு மாநிலம் தாண்டி முடி இறக்க இங்கேதான் வந்தார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். தங்கச்சிக்கும் என் வீட்டில் இவளுக்கும் இதுதான் பயணத்தின் முக்கியமான இடமாக இருக்கும். எனக்கு அங்கே கிடைக்கும் புளியோதரையும்.

அந்தப் புளியோதரைதான் நம் மைதானச் சாப்பாடு. நிஜமாகச் சொல்கிறேன். பி.என்.சி. பார்க்கில் வெளிச்சாப்பாடு கொண்டுபோக அனுமதி உண்டு. மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோகலாம். பல பேருக்கு இது தெரியாமல், உள்ளே போய் நாலு பேருக்குச் சாப்பாடு வாங்கியே டிக்கெட் விலையைத் தாண்டிவிடுகிறார்கள். காலையில் கோவில், ஆளுக்கொரு பொட்டலம், மதியம் மைதானம். பைகளுக்கு அளவு வைத்திருக்கிறார்கள், கிளம்புமுன் விதியைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்காக உள்ளே ஒன்றே ஒன்று வாங்குவோம்: பியரோகி. நம்ம கொழுக்கட்டைக்குப் போலந்துச் சொந்தக்காரன். உள்ளே உருளைக்கிழங்கும் சீஸும். அந்த ஊர் இரும்பாலைகளில் வேலை செய்ய வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. ஆட்டத்துக்கு நடுவே பியரோகி வேஷம் போட்டவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடுவார்கள், சின்னவள் அதை விடமாட்டாள்.

உன் காரை ஹோட்டலிலேயே விட்டுவிடு. என் வேனில் ஏழு பேரும் உட்காரலாம். மைதானத்து வாசலில் பார்க்கிங் விலை அதிகம், அதனால் ஆற்றின் இந்தப் பக்கம், நகரத்துக்குள் நிறுத்திவிட்டு நடப்போம். ஆட்ட நாளில் அந்த மஞ்சள் பாலத்தில் வண்டிகளை நிறுத்தி, நடப்பவர்களுக்கு மட்டும் விடுவார்கள். பாலம் முழுக்கக் கறுப்பும் மஞ்சளும் போட்ட ஜனம். திரும்பும்போது கால் வலித்தால் 'டி' என்கிற நகர ரயில். நகரத்துக்கும் வடகரைக்கும் நடுவே டிக்கெட்டே எடுக்க வேண்டாம், ஆற்றுக்கு அடியில் சுரங்கத்தில் போகும்.

அந்தப் பாலத்தின் பெயர் ராபர்ட்டோ கிளெமென்டே. பெரியவனுக்கு அவரைப் பற்றி வழியிலேயே சொல்லி வை. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர், கறுப்பர், ஆங்கிலம் தாய்மொழி இல்லை. பத்திரிகைக்காரர்கள் அவர் பேசுவதை உச்சரிப்போடு கொச்சையாக அச்சடித்துக் கேலி செய்த காலம் அது. பதினெட்டு சீசன் பைரட்ஸுக்கு மட்டுமே ஆடினார். 1972 செப்டம்பர் 30 அன்று மூவாயிரமாவது ஹிட், அதாவது அடித்துவிட்டு ஓடிப் பேஸைப் பிடித்த அடி. அந்த டிசம்பரில் நிகராகுவாவில் பூகம்பம். அனுப்பிய உதவிப் பொருள்கள் மக்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, தானே கூடப் போனால்தான் சரிவரும் என்று டிசம்பர் 31 இரவு சரக்கு விமானத்தில் ஏறினார். விமானம் கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவே இல்லை. சரியாக மூவாயிரம் ஹிட்டோடு கணக்கு நின்றுவிட்டது. அவருடைய எண் 21 என்பதால் மைதானத்தின் வலப்பக்கச் சுவரை 21 அடி உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். வேறு நாட்டிலிருந்து வந்து, வேறு உச்சரிப்போடு பேசுகிற நமக்கும், நம் உச்சரிப்பைக் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கும் இந்த ஆளைத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

மறுநாள் ஊர் திரும்புமுன் பிட்ஸ்பர்கிலேயே இருக்கும் ஓக்லண்ட் பகுதிக்கு ஒரு நடை. பைரட்ஸின் பழைய ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானத்தின் சுவரில் ஒரு பகுதி அங்கே இன்னும் நிற்கிறது. 1960 அக்டோபர் 13, உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், கடைசி இன்னிங்ஸில் பைரட்ஸின் மஸரோஸ்கி அடித்த பந்து அந்த மைதானத்துச் சுவரைத் தாண்டி யாங்கீஸை வீட்டுக்கு அனுப்பியது. ஒவ்வொரு அக்டோபர் 13ம் ஜனங்கள் அங்கே கூடி அந்த ரேடியோ ஒலிபரப்பை முழுக்கக் கேட்கிறார்கள். உன் பையன் யாங்கீஸ் ரசிகன். தோற்ற கதையும் அவனுக்குத் தெரியட்டும். அந்தச் சுவரைப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டாம்.

பெரியவனுக்கு நான் ஒரு ஸ்கோர் புத்தகமும் பென்சிலும் கொண்டுவருகிறேன். இங்கே கொலம்பஸில் ஹண்டிங்டன் பார்க் பேஸ்பால் மைதானத்தில் பக்கத்து சீட்டுப் பெரியவர் ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு கட்டம். பிட்சர் 1, கேட்சர் 2, அப்படியே வலக்கோடி ஃபீல்டர் வரை 9 எண்கள். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் (6) எடுத்து இரண்டாம் பேஸ்காரனுக்கு (4) எறிந்து, அங்கிருந்து முதல் பேஸ்காரனுக்கு (3) போய் இரண்டு பேர் அவுட் என்றால் 6-4-3 என்று எழுத வேண்டும். மட்டையைச் சுழற்றியும் பந்து படாமல் ஸ்ட்ரைக்அவுட் ஆனால் கே (K). சுழற்றாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானால் அதே கே-யைத் திருப்பிப் போட வேண்டும். அந்தப் பெரியவர் பென்சிலை நாக்கில் தொட்டு, திருப்பிய கே-யைக் கொஞ்சம் அழுத்திப் போடுவார், ஏமாந்த பேட்ஸ்மேனுக்காக வருத்தப்படுவது போல. இரண்டு இன்னிங்ஸ் எழுதிப் பார்த்தால் பையன் ஃபோனைத் தொட மாட்டான். பந்து போடுகிறவனுக்கு இது வேண்டும். அடுத்தவன் எப்படி யோசித்துப் போடுகிறான் என்பது எழுதினால்தான் தெரியும்.

உன் ரெஸ்யூமேவை மறக்காமல் எடுத்து வா. எங்கள் ஆபீஸில் இரண்டு இடம் காலியாகப் போகிறது, வீட்டிலிருந்தே செய்கிற வேலை. ரெஃபரல் போடுகிறேன் என்று வாயால் சொல்வதை விட, பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்து அன்றைக்கே அனுப்பிவிடலாம். இந்த வயதில் வேலை தேடுவது எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். தனியாக அதைச் சுமக்காதே.

ஜூன் மூன்றாவது வாரமா, நாலாவது வாரமா என்று தங்கச்சியைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல். அந்த வாரம் எந்தப் புதன்கிழமை ஆட்டம் உள்ளூரில் என்று அட்டவணையைப் பார்த்து டிக்கெட்டை நான் எடுத்துவிடுகிறேன். டிக்கெட் ஃபோனில்தான் வரும், பங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்