ஆயாவின் ஒன்பது ஐந்நூறு ரூபாய்த் தாள்கள்

ஹாலே, ஜெர்மனி
நவம்பர் 25

கர்த்தருக்குள் மிகவும் அன்பான அப்பாவுக்கும் அம்மாவுக்கும், இயேசுவின் நாமத்தில் தோத்திரம். இங்கே நான் சுகமாயிருக்கிறேன். உங்கள் இருவருடைய சுகத்தையும், சின்னவன், கந்திகுப்பத்து அத்தை, பர்கூர் மாமா வீட்டார் அனைவருடைய சுகத்தையும் அறிய ஆவலாயிருக்கிறேன்.

அப்பா, உங்கள் கடிதம் சென்ற வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. வாரந்தோறும் கைப்பேசியில் பேசினாலும், மார்ச் மாதத்துக்குப் பிறகு நான் உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. ஆயாவின் அடக்கத்துக்கு வர முடியாமற்போன பின், எழுத உட்கார்ந்த போதெல்லாம் முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. விடுப்பு கிடைக்கவில்லை என்று அப்போது சொன்னேன். அது உண்மைதான், ஆனால் முழுக் காரணம் அதுவன்று. அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம். இத்தனை மாத மௌனத்துக்கு நீங்கள் ஒரு சொல்லாலும் என்னைக் கடிந்துகொள்ளாமல் நான்கு பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு மிகவும் வருத்தமாயிற்று.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. காலை ஏழரை மணிக்குப் பிறகே வெளிச்சம் வருகிறது. மாலை நான்கு மணிக்கெல்லாம் தெருவிளக்குகள் எரிகின்றன. இரவுப் பணி முடிந்து திரும்பும் நாட்களில் சூரியனைப் பார்க்காமலே ஒரு வாரம் கழிந்துவிடுகிறது. ஓசூர் மார்கழிக் குளிரையே தாங்காமல் கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொள்ளும் அம்மா இங்கே வந்தால் அடுப்பை விட்டு நகரமாட்டார்கள். எனக்கு நல்ல மேலங்கியும் காலணியும் இருக்கின்றன; கவலைப்படவேண்டாம். முதியோர் இல்லத்துக்கு நடந்தே போய்வருகிறேன், அரைமணி நேரந்தான், உடலுக்கும் நல்லது.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கேட்டிருந்தார்கள். லைப்சிக்கில் ஓர் ஆசியக் கடையில் கேழ்வரகு மாவு கிடைத்தது. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை களி கிண்டி, இங்கே உறைய வைத்து விற்கும் கீரையைப் பூண்டும் மிளகாயும் போட்டுக் கடைந்தேன். நம் ஊர்க் களியின் நிறம் வந்ததேயன்றி மணம் வரவில்லை. ஆனாலும் மூன்று வேளை அதையே வைத்துச் சாப்பிட்டேன். எதிர்வீட்டு அம்மையார் வாசனை பிடித்துக் கதவைத் தட்டியதும் அன்றைக்குத்தான். களி உருண்டையைப் பார்த்துவிட்டு, தங்கள் நாட்டு உருளைக்கிழங்கு உருண்டையின் உறவு என்று முடிவு செய்து, தம் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் இறைச்சிக் குழம்பைக் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றிவிட்டார்.

அவரைப் பற்றித் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். குப்பையைத் தவறான தொட்டியில் போட்டேன் என்று முதல் வாரத்திலேயே என்னைப் படிக்கட்டில் நிறுத்திக் கால்மணி நேரம் பாடம் நடத்திய அதே அம்மையார்தாம். 84 வயது. இந்தக் குடியிருப்பு 1964 முதல் ரசாயன ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்டது. அவரும் கணவரும் அப்படி வந்தவர்கள். இந்த ஊரில் பெரும்பாலானோர் எந்தச் சபையையும் சேராதவர்கள். இவரோ ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர். நானும் இப்போது அவரோடுதான் போகிறேன். நூறு பேர் அமரக்கூடிய ஆலயத்தில் நாங்கள் பதினைந்து பேர் இருப்போம்.

அப்பா, இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். பெங்களூரா மாங்காயைக் கிலோ ஐந்து ரூபாய்க்குக்கூடக் கேட்பாரில்லாமல் மரத்தடியிலேயே விட்டதாகவும், மாதந்தோறும் வட்டி தருவதாகச் சொன்ன அந்த நிதி நிறுவனத்தில் சின்னவன் போட்ட நான்கு லட்சம் போய்விட்டதாகவும், அலுவலகக் கதவில் பூட்டுத் தொங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். இதையெல்லாம் தொலைபேசியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அடுத்த பக்கத்தில், ஆயா கேழ்வரகு கொட்டிவைக்கும் குதிரினை நகர்த்தியபோது அடியில் துணியில் சுற்றிய ஒன்பது பழைய ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு நெடுநேரம் அழுதேன். "என் பெட்டிக்குக் காசு வைத்திருக்கிறேன், உங்களுக்குச் செலவு வைக்கமாட்டேன்" என்று ஆயா சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். 2016 நவம்பர் 8 ஆம் தேதி இரவு அந்தத் தாள்கள் செல்லாமற்போயின. அது ஆயாவின் காதில் விழுந்ததா, விழுந்தும் புரியவில்லையா என்று தெரியவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் காசு தன் சவப்பெட்டிக்கு உதவும் என்ற நிம்மதியோடு ஆயா அந்தக் குதிரின் பக்கத்திலேயே படுத்துறங்கியிருக்கிறார்.

இதை எதிர்வீட்டு அம்மையாரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் ஒரு காப்பித்தூள் டப்பாவை எடுத்துவந்து, அதிலிருந்த தாள்களை மேசையில் வரிசையாக அடுக்கினார். முதலாவது, அவருடைய பாட்டி காலத்து 1923 ஆம் ஆண்டின் தாள்கள்; அந்த நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்கவேண்டியிருந்ததாம், ஆயுள் முழுதும் சேர்த்தவர்கள் அதைக் கொண்டு ரொட்டிகூட வாங்க முடியவில்லையாம். அடுத்தவை போருக்குப் பின் 1948 இல் மாற்றப்பட்டவை. அதற்கடுத்து, கிழக்கு ஜெர்மனியின் மார்க். 1990 ஜூலை 1 ஆம் தேதி நாணயம் மாறியபோது, அவர் வயதினருக்கு 4,000 மார்க் வரைதான் ஒன்றுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள், அதற்கு மேல் இருந்த சேமிப்பு பாதியாகிவிட்டது. பிறகு அவரும் கணவரும் வேலை பார்த்த ஆலையும் மூடப்பட்டது. கடைசியாக, யூரோ வந்தபோது ஞாபகத்துக்காக மாற்றாமல் வைத்துக்கொண்ட ஒரு பத்து மார்க் தாள்.

அவர் சிறுமியாயிருந்தபோது, பதினான்கு வயதுப் பிள்ளைகள் அரசாங்கம் நடத்தும் உறுதிமொழிச் சடங்கில் கலந்துகொள்ளவேண்டும் என்று வற்புறுத்தினார்களாம். அவர் அதற்குப் போகாமல், விசுவாசத்தை அறிக்கையிடும் சடங்காகிய திடப்படுத்தலை ஆலயத்தில் பெற்றார். அதனால் மேற்படிப்பு மறுக்கப்பட்டு, ஆலைக்கு வேலைக்குப் போகவேண்டியதாயிற்று. அந்தத் தாள்களையெல்லாம் திரும்ப டப்பாவில் வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "அன்றைக்கு ஆலயத்தில் பெற்றுக்கொண்டதை மட்டும் எந்த வங்கியிலும் மாற்றிக்கொள்ளச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை." எனக்கு ஜெர்மன் மொழி இன்னும் முழுமையாக வசப்படவில்லை, ஆனாலும் இந்த வாக்கியம் ஒரு சொல் விடாமல் புரிந்தது.

அப்பா, உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "தோப்பும் போய்ப் பணமும் போனாலும், ஜெர்மனியில் மகள் இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் இருக்கிறேன்." உங்கள் அன்பினால் எழுதியது என்று அறிவேன். ஆனாலும் அது எனக்குப் பயமாயிருந்தது. நானும் ஒரு தாள்தான், அப்பா. என் படிப்புக்கு இந்த நாடு இன்னும் முழு அங்கீகாரம் தரவில்லை; அதற்கான தேர்வு மறுபடியும் மார்ச்சில் இருக்கிறது, அதுவரை உதவியாளர் சம்பளந்தான். வியாதியோ வேலையிழப்போ எனக்கும் வரலாம். உங்கள் மகளாக என்னால் ஆனதையெல்லாம் செய்வேன்; ஆனால் உங்கள் பாரம் முழுவதையும் என்மேல் சாய்த்தால், மாமரத்தின்மேலும் நிதி நிறுவனத்தின்மேலும் சாய்த்ததைப் போலவே ஆகிவிடும்.

பேதுரு தம் முதலாம் நிருபத்தை எழுதியது பல தேசங்களிலே சிதறியிருந்த பரதேசிகளுக்கு. வீட்டில் வேதம் வாசித்த நாட்களில் அந்தச் சொல்லைக் கவனித்ததேயில்லை. இங்கே வந்த பிறகு எனக்கே எழுதியதுபோல் படுகிறது. இயேசு கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்ததினாலே நமக்கு "ஜீவனுள்ள நம்பிக்கை" உண்டாயிற்று என்றும், "அழியாததும் மாசற்றதும் வாடாததுமாகிய சுதந்தரம்" வைக்கப்பட்டிருக்கிறது என்றும் அவர் எழுதுகிறார். நம் வேதத்தில் சுதந்தரம் என்றால் பூர்வீகச் சொத்து என்று தாத்தா விளக்கிச் சொன்னது நினைவிருக்கிறதா? சந்தூர்த் தோப்பும் பூர்வீகந்தான், அது வாடிற்று. இந்த நம்பிக்கையோ விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பன்று. நடந்து முடிந்த ஒரு காரியத்தின்மேல் அது நிற்கிறது. கல்லறை திறந்தது, அவர் எழுந்தார், இனி அது மாறப்போவதில்லை.

ஆகையால் ஒரு காரியத்தைப் பணிவோடும் உறுதியோடும் கேட்டுக்கொள்கிறேன். காணிக்கையாகப் பணத்தை விதைத்தால் இரட்டிப்பாக முளைக்கும் என்று சொல்லும் கூட்டத்துக்குப் பர்கூர் மாமா உங்களை அழைத்ததாகவும், மீதியிருப்பதைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்கவேண்டாம். நம் சபைக்கு வழக்கமாகக் கொடுப்பதைக் கொடுங்கள். அது நன்றிக் காணிக்கை. இரட்டிப்பாகக் கிடைக்கும் என்று கொடுப்பது கிறிஸ்துவின்மேல் வைக்கும் நம்பிக்கையன்று. பூட்டிய அந்த அலுவலகத்தின்மேல் சின்னவன் வைத்த நம்பிக்கைக்கும் அதற்கும் எனக்கு வேற்றுமை தெரியவில்லை. மாமாவின் மனம் நோகாதபடி நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

மிஷனரி நேதர் ஐயரை அடிக்கடி நினைக்கிறேன். அவர் இந்த நாட்டை விட்டு 1895 இல் நம் கிருஷ்ணகிரிக்கு வந்து, ஒன்பதே ஆண்டுகளில், 1904 இல் பிளேக் நோயில் இறந்தார். தாத்தா இந்தக் கதையைச் சொல்லும்போது சிறுவயதில் எனக்கு எந்தத் துக்கமும் இருந்ததில்லை. இப்போது நான் எதிர்த்திசையில் வந்து இருக்கும்போது, அவர் இரவில் எந்த ஊரை நினைத்திருப்பார், யாருக்குக் கடிதம் எழுதியிருப்பார் என்றெல்லாம் தோன்றுகிறது. சேர்த்து வைத்த எதையும் அவர் நம் ஊரில் விட்டுப்போகவில்லை. ஆனாலும் ஆயா எழுத்தறியாதவராயிருந்தும் எல்லாம் பொய்த்தாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்னும் ஆபகூக் தீர்க்கதரிசியின் ஜெபத்தை மனப்பாடமாகச் சொன்னாரே, அந்த வசனம் நம் வீட்டுக்கு வந்தது நேதர் ஐயரைப் போன்றவர்கள் வழியாகத்தான்.

இந்த ஊரிலேயே பிராங்கே என்பவர் 1698 இல் கட்டத் தொடங்கிய அனாதை இல்லத்தின் பழைய கட்டடங்கள் இருக்கின்றன. தரங்கம்பாடிக்கு 1706 இல் வந்த சீகன்பால்க் இங்கே படித்தவர். அங்கே முதலில் அச்சிட்ட தமிழ் எழுத்துகளும் இங்கிருந்து வார்த்து அனுப்பப்பட்டவையே. அக்டோபரில் ஒரு நாள் விடுமுறையில் தனியே போயிருந்தேன். மேல்மாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நம் ஓலைச்சுவடி இருந்தது. அதைப் பார்த்ததும், அம்மா, எனக்கு நம் வீட்டுத் திண்ணையும், புளி அடிக்கும் சத்தமும், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு நீங்கள் திட்டிக்கொண்டே சிக்கெடுப்பதும் ஒன்றாக வந்து நெஞ்சை அடைத்துவிட்டன. காவலர் வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். ஒன்றுமில்லை, இவை எங்கள் எழுத்துகள் என்று மட்டும் சொன்னேன்.

நேற்று முன்தினம், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தப்படும் அட்வெந்து காலத்துக்கு முந்தின ஞாயிறு. அந்த ஆண்டு மரித்தவர்களின் பெயர்களை இங்கே அன்று ஆலயத்தில் வாசித்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். எதிர்வீட்டு அம்மையார் எனக்குத் தெரியாமலே போதகரிடம் சொல்லி வைத்திருக்கிறார். பட்டியலின் முடிவில், ஜெர்மன் நாவில் சிதைந்து, ஆயாவின் பெயர் கேட்டது. எழுந்து போய் நான்தான் ஏற்றினேன். அடக்கத்துக்கு வரமுடியாத கடனை அது தீர்க்காது. ஆனால் ஆயா எழுந்திருப்பார், நாம் அவரைக் காண்போம் என்பதை நான் அறிவேன் என்று அங்கே நின்றபோது தெரிந்தது. பெட்டிக்கென்று ஆயா வைத்த காசு உதவாமற்போனாலும், அடக்க நாளில் சபையார் எல்லோரும் சேர்ந்து பெட்டி வாங்கித் தூக்கிப்போனதாக நீங்கள் சொன்னீர்களே, அதையும் நினைத்துக்கொண்டேன்.

இனி வீட்டுக் காரியங்கள். சின்னவனை இனி ஒரு வார்த்தையும் சொல்லவேண்டாம்; அவன் வெட்கத்தில் சாப்பிடாமல் இருப்பதாக அத்தை சொன்னார்கள். ஏமாந்தவர்களோடு சேர்ந்து அவனும் காவல் துறையில் புகார் கொடுக்கட்டும், ரசீதுகளின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். தோப்பில் கிழக்குப் பக்கத்து மரங்களை வெட்டிவிட்டுக் கேழ்வரகும் அவரையும் போடலாம் என்ற உங்கள் யோசனை எனக்கும் சரியாகப் படுகிறது. விற்பதைப் பற்றி இந்தக் கோடை வரை யாருக்கும் வாக்குக் கொடுக்கவேண்டாம். பட்டாவில் பெரியப்பா பெயர் இன்னும் நீக்கப்படவில்லையானால் முதலில் அதை முடியுங்கள். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டு மிச்சம் பிடிப்பதாகக் கேள்விப்பட்டேன்; அதற்குமட்டும் நான் கோபிப்பேன். டிசம்பரில் அனுப்பும் தொகை சற்றுக் குறைவாக இருக்கும், ஜனவரியில் சரிசெய்துவிடுகிறேன்.

ஆயாவின் கல்லறைக் கல்லில் எந்த வசனம் என்று கேட்டிருந்தீர்கள். மாங்காய் பொய்த்த வருடங்களில் ஆயா "அத்திமரம்" என்பதற்குப் பதிலாக "மாமரம் துளிர்விடாமற்போனாலும்" என்று ஜெபிப்பாரே, அந்த வசனத்தையே போடுங்கள். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்பார்களாகையால் முழுவதையும் வெட்டச் சொல்லவேண்டாம். ஆயாவின் பெயருக்குக் கீழே ஆபகூக் 3:17, 18 என்று மட்டும் இருக்கட்டும். கல் வந்ததும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அன்பு மகள்